காரில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. வாட்டர் பம்ப் போய்விட்டதா?

இருக்கலாம். கூலண்டை எஞ்சினுக்குள் சுழல வைப்பது அந்தப் பம்ப்தான். மாதம் அரை லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால் எங்கேயோ கசிவு நிச்சயம். தரையில் சொட்டு விழாததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சூடான எஞ்சின்மேல் பட்டதும் தண்ணீர் ஆவியாகிவிடும், கறை மட்டும் மிஞ்சும்.

பெங்களூரில் எனக்கும் இதேதான் நடந்தது. ஊரிலிருந்து திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறியது. முதலில் காட்டிய ஒர்க்ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இரண்டே வாரத்தில் கூலண்ட் டேங்கில் மறுபடியும் அளவு குறைந்திருந்தது.

அப்புறம் அல்சூரில் ஒரு தமிழ் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். எஞ்சின் முழுக்க ஆறும்வரை அவர் ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருந்த அளவுக்குக் கையால் காற்று அடித்தார். பத்து நிமிடத்தில் முள் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். வாட்டர் பம்ப்புக்கு அடியில், ரோஸ் மில்க் சிந்திக் காய்ந்தது போல ஒரு கோடு. அதன் மேல்முனையில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு துளை.

அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது. பம்ப்புக்குள் கூலண்டைத் தடுக்கும் சீலுக்கும், தண்டைச் சுழலவிடும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும். சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வந்துவிடும். லேசான பழைய கறை என்றால் கவலை இல்லை. ஈரமாகவோ சொட்டாகவோ இருந்தால் பம்ப்பை மாற்றியே ஆக வேண்டும். பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை ஆட்டிப் பாருங்கள். ஆடினாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ பேரிங்கும் போய்விட்டது. சில கார்களில் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும், கசிவு கவருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அப்படியென்றால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அந்த வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டாம்.

சீல் ஏன் போனது என்று கேட்டேன். "போர் தண்ணி ஊத்துனீங்களா?" என்றார். ஆமாம், ஊற்றியிருந்தேன். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு சீலின் வழவழப்பான முகத்தைக் கீறிவிடுகிறது. காய்ச்சி வடித்த தண்ணீரும் தண்ணீர் கலக்காத கூலண்டும் (கான்சென்ட்ரேட்) பாதிக்குப் பாதி, அதுதான் சரி. மூடியையும் சோதியுங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கூலண்டும் சீக்கிரம் கொதித்து வெளியேறும்.

ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டுவது நிறமில்லாத வெறும் தண்ணீர், அதை விடுங்கள். முன்சீட் கார்ப்பெட் பிசுபிசுப்பாக நனைந்து இனிப்பு வாசனை வந்தால் ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) கசிகிறது. பம்ப், ஹோஸ், மூடி எல்லாம் சரியாக இருந்தும் அளவு குறைகிறதா? சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்குள் பால் கலந்த காபி நிறம் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகத்துக்கும் நடுவில் அடைக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது காரை ஓட்டாதீர்கள், டோ பண்ணித்தான் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.