எந்தக் கட்சியின் வைத்தியம்?

கேள்வி: நண்பர்கள் ஒன்றுகூடும்போது, "வைத்தியச் செலவு எல்லோருக்கும் தாங்கும்படி இருக்க வேண்டும்" என்று நான் வாயைத் திறந்தால் போதும், "உன் கட்சிப் பேச்சை இங்கே எடுக்காதே" என்று பாய்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் எனக்கு நேர் எதிர்க் கட்சி. நட்புதான் பெரிது என்று சும்மா இருப்பதா, பேசி வாங்கிக் கட்டிக்கொள்வதா?

பதில்: பேசுங்கள். கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் 'கட்சிப் பேச்சு' என்று சொன்னீர்களே, அதை நான் விடுவதாக இல்லை. மருத்துவக் கட்டணம் பற்றி இந்தப் பக்கத்தில் எப்போது எழுதினாலும், "ஆசிரியர் கட்சிக் கொடி பிடிக்கிறார்" என்று கடிதம் வந்துவிடும். எழுதுகிற அன்பர்களையும் சேர்த்தே கேட்கிறேன்: எந்தக் கட்சியின் கொடி?

சோஷலிஸ்டுகளைக் கண்டாலே ஆகாதவர் ஜெர்மனியின் பிஸ்மார்க். 1878இல் அவர்களுடைய கூட்டங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தவர். அதே பிஸ்மார்க்தான் 1883இல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கினார். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி கட்ட வேண்டும், ஒரு பங்கு முதலாளி. தொழிலாளர்கள் எதிர்முகாமுக்குப் போய்விடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். காய்ச்சலில் படுத்தவனுக்கு மருந்து கிடைத்தது, பாதிக் கூலியும் கிடைத்தது.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று, எல்லோருக்கும் இலவச வைத்தியம் தரும் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது தொழிற்கட்சி. மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டது கன்சர்வேடிவ் கட்சி. 1951இல் அது ஆட்சிக்கு வந்தது. சேவையைக் கலைத்ததா? இல்லை. தாய்லாந்தில் 30 பாட் கொடுத்தால் சிகிச்சை என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது தக்சின் அரசு. 2006இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. அடுத்து வந்த அரசு திட்டத்தை ஒழிக்கவில்லை. அந்த 30 பாட்டையும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இந்த விஷயத்துக்காக உழைத்தவர்களின் வாழ்க்கையைப் படித்துப் பார்த்தால், கட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஒரு நோயாளியின் கட்டில் வருகிறது. கனடாவின் டாமி டக்ளஸுக்குச் சிறுவயதில் காலில் எலும்பு நோய். பெற்றோரிடம் பணமில்லை. காலை எடுக்க வேண்டியதுதான் என்ற நிலையில் ஓர் அறுவை மருத்துவர், மாணவர்களுக்குப் பாடமாக இருக்கும் என்று கட்டணம் வாங்காமல் சிகிச்சை செய்தார். கால் பிழைத்தது. ஒரு பையனின் கால் இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது என்ற எண்ணம் டக்ளஸை விடவே இல்லை. அவர் சோஷலிஸ்ட். சஸ்காட்செவன் மாகாணத்தில் அவர் அடித்தளம் போட்ட, எல்லோருக்குமான பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 1962 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடு முழுவதற்கும் அது வேண்டும் என்று 1964இல் சொன்ன ஆணையத்தை நியமித்தவர் பழமைவாதக் கட்சியின் பிரதமர் டீஃபன்பேக்கர். 1966இல் சட்டமாக்கியது லிபரல் கட்சியின் பியர்சன் அரசு. மூன்று கட்சிகள்!

டக்ளஸுக்கு நேர் எதிர்த் துருவம் அமெரிக்காவின் ரிச்சர்ட் நிக்சன். அவருடைய அண்ணன் ஹெரால்ட் காசநோயில் இறந்தார். அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற அவர்களுடைய தாய் அரிசோனாவுக்குப் போய்த் தங்கி, செலவுக்காக மற்ற காசநோயாளிகளையும் பராமரித்தார். அதிபரான நிக்சன், முதலாளிகள் தங்கள் தொழிலாளர்களுக்குக் காப்பீடு தர வேண்டும் என்ற திட்டத்தை 1974இல் முன்வைத்தார். எதிர்க்கட்சியின் எட்வர்ட் கென்னடி இன்னும் பெரிதாக வேண்டும் என்று நின்றார். பேச்சு நடந்தும் சேரவில்லை. அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கென்னடி பின்னால் வருந்தினார். அவர் வீட்டிலும் ஒரு கட்டில் உண்டு. 1973இல் எலும்புப் புற்றுநோயால் அவருடைய மகனின் காலை எடுத்தார்கள். சிகிச்சை நடந்த இடத்தில், அதே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பணம் தீர்ந்துபோய்த் தவித்ததைப் பார்த்ததாகப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்.

இதே கென்னடியை 1994 செனட் தேர்தலில் எதிர்த்து நின்று தோற்றவர், நிக்சனின் கட்சியைச் சேர்ந்த மிட் ராம்னி. 2006இல் ராம்னி மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்து, அநேகமாக எல்லோருக்கும் காப்பீடு தரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது, அதே மேடையில் கென்னடியும் நின்றார். இருவரும் கட்சி மாறவில்லை, கொள்கையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. நட்பா, பேச்சா என்று கேட்டீர்களே, அந்த மேடையைப் பாருங்கள்.

எனவே அடுத்த முறை திட்டத்தின் பெயரில் தொடங்காதீர்கள், தலைவரின் பெயரில் தொடங்கவே தொடங்காதீர்கள். "உங்கள் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தபோது எவ்வளவு ஆயிற்று? எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று நண்பரைக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். வரி ஏறும், காத்திருப்போர் பட்டியல் நீளும் என்று அவர் சொன்னால் அது நியாயமான கவலை, பதில் தேடுங்கள். "சந்தை பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னால் மட்டும் விடாதீர்கள். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963இலேயே அதற்குப் பதில் எழுதிவிட்டார். நோய் எப்போது வரும், எவ்வளவு செலவாகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. என்ன சிகிச்சை தேவை என்பதையும் நோயாளி தானாக முடிவு செய்ய முடியாது, விற்கிறவர்தான் சொல்ல வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவர் நான்கு இடத்தில் விலை விசாரிப்பாரா?

அப்புறம், பல். இது என் நெடுநாள் சண்டை, கடிதம் எழுதும் அன்பர்களுக்கு நன்றாகத் தெரியும். வைத்தியம் எல்லோருக்கும் என்று அறிவித்த நாடுகள் பலவும்கூடப் பல்லையும் கண்ணையும் உடம்பில் சேர்ப்பதில்லை. 1965இல் முதியோருக்காக அமெரிக்கா தொடங்கிய மெடிகேரில் சாதாரணப் பல் சிகிச்சை, மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி மூன்றும் இல்லை. முதியவருக்கு வேறு எது வேண்டும்? கனடாவும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியபோது பல்லை வெளியே நிறுத்தியது. பிரிட்டனில் 1951இல், பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை வாங்கலாம் என்று தொழிற்கட்சி அரசே முடிவு செய்தது. சுகாதாரச் சேவையை உருவாக்கிய அனியூரின் பெவன் அதைப் பொறுக்காமல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். சண்டை போட்டது எதிர்க்கட்சியோடு அல்ல, சொந்தக் கட்சி நண்பர்களோடு. பல்செட்டுக்காகப் பதவியை விடுவதா என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்திருப்பார்கள். மெல்ல முடியாமல் தினமும் கஞ்சி குடிக்கிற கிழவியிடம் கேட்டிருந்தால் அவள் பெவன் பக்கம்தான் நின்றிருப்பாள். நானும் அந்தப் பக்கம்தான்.

உங்கள் நண்பர்களில் யாராவது பல் வைத்தியத்துக்குப் போய்விட்டுக் கட்டணச் சீட்டோடு வந்து உட்கார்ந்தால், அன்றைக்கு முதலில் அவரைப் பேச விடுங்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.