ஹீட்டரைப் பழுதுபார்க்க 5,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

ஐந்து ஆண்டுகள் ஓடிய 15 லிட்டர் ஹீட்டர் என்றும், சர்வீஸ் ஆள் 5,000 ரூபாய் கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாகத்துக்காக அந்தத் தொகை என்பதை எழுதவில்லை. அநேகமாக உங்களிடமே அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். கீழக்கரைப் பக்கம் வீடு என்பதால் போர் தண்ணீரைத்தான் ஹீட்டருக்கு விட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் வீடு மண்டபத்தில். நம் கடற்கரையில் ஹீட்டர் பழுதுக்கான செலவை முடிவு செய்வது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதே என் பதில்.

இராமநாதபுரத்து வெயிலில் வெந்நீர் எதற்கு என்று கேட்பவர்கள், ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது மூட்டுவலிக்காரரை வீட்டில் வைத்திருக்காதவர்கள். என் அம்மாவுக்காகத்தான் ஹீட்டரை வாங்கினேன்.

அந்த ஹீட்டர் ஒரு மழைக்காலத்தில், சுவிட்சைப் போட்டவுடன் வீட்டு மின்சாரம் முழுவதையும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புச் சுவிட்ச்) துண்டித்துவிடும் நிலைக்கு வந்தது. கம்பெனி சர்வீசுக்குச் சொல்லி, இராமநாதபுரத்திலிருந்து வந்த இளைஞர் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, உள் தொட்டி போய்விட்டது, மாற்ற 5,200 ரூபாய் ஆகும் என்றார். அடித்தட்டைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்டேன். வேலைக்கு ஒப்புதல் தராமல் கழற்ற முடியாது என்றார். வந்ததற்கான கட்டணம் 400 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி, ஆக 472 ரூபாயைக் கொடுத்து அனுப்பிவிட்டு, எங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டும் எலக்ட்ரீஷியனை அழைத்தேன். அவர் மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அடித்தட்டை இறக்கியதும், "சார், இது ஹீட்டரா, சுண்ணாம்புக் காளவாயா?" என்று கேட்டார். தண்ணீரைச் சூடாக்கும் காயிலைச் சுற்றி வெள்ளைப் படிவு கெட்டியாக ஏறி, ஓரிடத்தில் உறை வெடித்திருந்தது. காயிலின் உறைக்குள் மின்கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைக்கப்பட்டிருக்கும். வெடிப்பு வழியே அந்தத் தூளில் ஈரம் ஏறினால் மின்சாரம் எர்த்துக்குக் கசியும், ஆர்.சி.சி.பி. தன் கடமையைச் செய்யும். தொட்டியில் ஒரு குறையும் இல்லை. புதுக் காயில் 850, அடித்தட்டின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் காஸ்கெட்டும் தொட்டியை அரிப்பிலிருந்து காக்கும் மெக்னீசியம் தண்டும் சேர்ந்து 550, கூலி 500, ஆக 1,900 ரூபாயில் வேலை முடிந்தது.

சர்வீஸ் ஆட்கள் எல்லாரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் வண்டியோட்டி வரும் அந்த இளைஞர்களுக்கு மேலிருந்து என்ன நெருக்கடியோ. அதற்காக, திறந்து பார்க்காமல் சொல்லப்படும் தொகைக்கு நாம் தலையாட்ட வேண்டியதில்லை. பொதுவாக, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்க்குள் முடியும். காயில் பிராண்டைப் பொறுத்து ஆயிரத்தை ஒட்டி நிற்கும். படிவைச் சுரண்டிக் கழுவும் சர்வீசும் சில நூறுதான். பாம்பன் பாலம் தாண்டி இராமேஸ்வரம் வரை வரவேண்டுமென்றால் போக்குவரத்துக்குத் தனியாகக் கேட்பவர்களும் உண்டு. அதைத் தொலைபேசியிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஐயாயிரத்தை நெருங்கும் தொகை, தொட்டியை மாற்றினால் மட்டுமே வரும். புதிய 15 லிட்டர் ஹீட்டரே ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் கிடைக்கும்போது, ஐந்து வயதான இயந்திரத்துக்கு, உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு, காசு கொடுத்துத் தொட்டி மாற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே தொட்டி உண்மையிலேயே ஒழுகுகிறதா என்பதுதான் கேள்வி. தண்ணீர் சூடாகும்போது விரிவடைகிறது. கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றுவதற்கென்றே பாதுகாப்பு வால்வு இருக்கிறது, சூடேறும் நேரத்தில் அதிலிருந்து சொட்டுவது பழுதே அல்ல. அந்தச் சொட்டைக் காட்டி "டேங்க் லீக்" என்று சொன்னவர்களைப் பற்றி உறவினர்களிடம் கேட்டிருக்கிறேன். சொட்டை நிறுத்துவதாக எண்ணி வால்வின் வாயை அடைப்பது ஆபத்து. உப்பேறித் தானாக அடைத்துக்கொண்டாலும் உடனே மாற்றவேண்டும். அடித்தட்டின் விளிம்பில் கசிந்தால் காஸ்கெட், குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷர். வெளிப்பெட்டிக்குள்ளிருந்து துருவோடு தண்ணீர் இறங்கினால்தான் தொட்டி ஓட்டை.

அந்த ஓட்டையைத் தள்ளிப்போடுவதற்குத்தான் மெக்னீசியம் தண்டு. உட்புறம் கண்ணாடிப்பூச்சு கொண்ட இரும்புத் தொட்டியில், பூச்சில் நுண்ணிய இடைவெளி இருந்தால் அங்கே அரிப்பு தொடங்கும்; மெக்னீசியம் முந்திக்கொண்டு தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. உப்பு மிகுந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் தண்டு வேகமாகக் கரையும். என் ஹீட்டரில் நடுக்கம்பி மட்டுமே மிஞ்சியிருந்தது. இந்தத் தண்டைப் பற்றிக் கடையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. செம்புத் தொட்டி ஹீட்டர்களில் பொதுவாக இது இருக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். படிவு ஏறினால் கரண்ட் பில் இரட்டிப்பாகும் என்று பயமுறுத்தி சர்வீஸ் ஒப்பந்தம் விற்கிறார்கள். காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் அதன் வெப்பம் சற்றுத் தாமதித்தாலும் தண்ணீருக்குத்தான் போகும். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.6 யூனிட் வேண்டும். 2,000 வாட் ஹீட்டர் அதை இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடும். படிவு அந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. அது காயிலைத்தான் கொல்கிறது. வெப்பம் எளிதில் வெளியேற வழியில்லாமல் காயில் தன்னையே சுட்டுக்கொள்கிறது. சூடு கூடக்கூடச் சுண்ணாம்பு அதிகமாகப் படியும் என்பதால், தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருகி வைக்காதீர்கள்.

எனக்கு உண்மையான மனத்தாங்கல் உத்தரவாத அட்டையின் மேல்தான். தொட்டிக்குப் பல ஆண்டு உத்தரவாதம் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கடின நீரால் வரும் பழுது இதில் அடங்காது என்பது உள்ளே, மூக்குக்கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில் இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் போர் தண்ணீர் அந்த 2,000 எல்லையையும் தாண்டியது. கடலோரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாதா? உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்று ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு விற்றிருக்கலாம்.

இப்போது ஹீட்டருக்கென்று மாடியில் சிறிய தொட்டி வைத்து, அதில் காவிரிக் குடிநீரையும் மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரையும் நிரப்புகிறோம். குளிப்பதற்கு நல்ல தண்ணீரா என்று எங்கள் தெருவிலேயே முகம் சுளித்தார்கள். ஒரு வாளி வெந்நீரில் போர் தண்ணீரைக் கலந்துதான் குளிக்கிறோம் என்பதால், செலவாகும் நல்ல தண்ணீர் குறைவே. ஹீட்டரின் நுழைவாயிலில் பொருத்தும் பாஸ்பேட் வடிகட்டி படிவை ஓரளவு தாமதப்படுத்தும், உப்பை எடுக்காது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூர் எலக்ட்ரீஷியனை வைத்து அடித்தட்டைத் திறந்து, கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ட்ரிப் ஆவதை நிறுத்த எர்த் வயரைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். ஈரத் தரையில் நின்று குளிப்பவரின் உயிர் அந்த வயரில்தான் இருக்கிறது. தொட்டியே ஓட்டை என்று கண்ணால் கண்டால் புதிது வாங்குங்கள். அப்படி வாங்கும்போது, பழையது செம்புத் தொட்டியாக இருந்தால் எக்ஸ்சேஞ்ச் என்று கடைக்காரர் கழிக்கும் தொகையையும், பழைய சாமான் கடையில் செம்புக்கு எடை போட்டுத் தரும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.