வெற்றுத்தாளைக் கண்டதும் கை கட்டிக்கொள்கிறவர்
ஓவியம் வழியே மனநல ஆலோசனை தரும்போது, ஆலோசனைக்கு வருகிறவரிடம் வரையத் தாளை நீட்டியதும் "எனக்கு வரைய வராது" என்று அவர் ஒதுங்கிவிடுகிறார், பேச்சும் நின்றுபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். பயிற்சிக் காலத்தில் எனக்கும் இது நடந்தது, பதறிப்போனேன். வெற்றுத்தாள் பலருக்குப் பரீட்சைத்தாள் மாதிரி. முதல் கோட்டை நீங்களே போடுங்கள். குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிறுக்கல் போடுவார். குழந்தை அதை ஓர் உருவமாக்கும். அப்புறம் குழந்தை கிறுக்க, அவர் முடிப்பார். பெரியவர்களிடமும் முயன்று பாருங்கள்.

முடிந்ததும் "இந்தக் கறுப்பு உங்கள் கோபமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பொருள் சொல்ல வேண்டியவர் வரைந்தவர்தான். "இந்த மூலையைப் பற்றிச் சொல்லுங்களேன்" போதும். மறுத்தால் சரி, தாளை எடுத்துவைத்துவிட்டுப் பேசுங்கள். மேற்பார்வையாளரிடம் படத்தைக் காட்டுமுன் வரைந்தவரிடம் அனுமதி கேளுங்கள்.