கார்ட்டூன் வரைய எந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்? – கேள்வி பதில்

கார்ட்டூன் பாணியில் படம் வரைய எந்தக் கட்டற்ற மென்பொருளை எடுப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். "எது பெஸ்ட்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு முதல் பதிலே போதும்.

கல்லூரி மாணவி: அண்ணா, கிரிட்டா, இன்க்ஸ்கேப், கிம்ப் மூன்றையும் இறக்கி வைத்திருக்கிறேன். சிறுவர் கதைக்குப் படம் போட ஆசை. எதில் ஆரம்பிப்பது?

பென் டேப்லெட் (பேனாவால் வரையும் பலகை) இருந்தால் கிரிட்டா. மவுஸ் மட்டும்தான் என்றால் இன்க்ஸ்கேப். கிம்ப்பை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள்.

கிரிட்டா வரைவதற்கென்றே வளர்ந்த மென்பொருள். பிரஷ், மை, வண்ணம் எல்லாம் கையோடு ஓடும். இன்க்ஸ்கேப் வெக்டார். அதாவது கோட்டைப் புள்ளிகளாகவும் வளைவுகளாகவும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே படத்தை ஸ்டிக்கர் அளவிலும் போடலாம், பேனர் அளவிலும் போடலாம், ஓரம் பிசிறாது. கிம்ப் போட்டோ திருத்தத்துக்கு நல்ல கருவி. அதிலும் கார்ட்டூன் வரைகிறவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவரை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது.

மளிகைக் கடை லோகோவுக்கு ஒரு கார்ட்டூன் முகம் வேண்டும். என்னிடம் மவுஸ்தான் இருக்கிறது. கோடு புழு மாதிரி நெளிகிறது.

மவுஸைப் பேனா மாதிரி பிடித்து இழுத்தால் அப்படித்தான் வரும். இன்க்ஸ்கேப்பில் வரைய வேண்டாம், கட்டுங்கள். தலைக்கு ஒரு வட்டம், காதுக்கு இரண்டு சின்ன வட்டம், தொப்பிக்கு ஒரு சதுரம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷேப் பில்டர் கருவியை எடுங்கள். வேண்டிய பகுதிகளின் மேல் இழுத்தால் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், வேண்டாததை நீக்கிவிடலாம். இந்தக் கருவி 2023இல் வந்த 1.3 பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய பதிப்பு வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

பிறகு நோட் கருவி, அதாவது கோட்டின் புள்ளிகளைப் பிடித்து இழுக்கும் கருவி. வட்டத்தைப் பாதையாக (path, புள்ளிகளைத் தனித்தனியே நகர்த்தக்கூடிய கோடு) மாற்றி, தாடைப் பக்கத்துப் புள்ளியைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பாருங்கள். வெறும் வட்டம் முகமாகிவிடும். புள்ளிகள் எவ்வளவு குறைவோ வளைவு அவ்வளவு வழுவழுப்பாக இருக்கும்.

முடி, மீசை மாதிரி இடங்களுக்குப் பென்சில் கருவியில் ஸ்மூத்திங்கை ஏற்றிவிட்டு, ஷேப் என்ற இடத்தில் எலிப்ஸ் தேர்ந்தெடுங்கள். கோடு இரு முனையிலும் மெலிந்து நடுவில் தடிக்கும். மை தொட்டுத் தூரிகையில் போட்ட மாதிரியே இருக்கும்.

ப்ரோ, டேப்லெட் வாங்கிவிட்டேன். கிரிட்டாவில் கை நடுங்குகிறது. அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை.

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. நடுக்கத்துக்கு, பிரஷ் கருவியின் டூல் ஆப்ஷன்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறது. அதைப் போட்டால் கோடு உங்கள் கைக்குச் சற்றுப் பின்னால் வரும், ஆனால் நேர்த்தியாக வரும். நீண்ட வெளிக்கோட்டுக்கு மட்டும் அதை வையுங்கள். கண், விரல் மாதிரிச் சின்ன இடங்களில் அங்கேயே இருக்கும் 'பேசிக்' (Basic) என்ற முறை போதும், இல்லையென்றால் படத்தில் உயிர் போய்விடும்.

அழுத்தம் வேலை செய்யாததற்கு விண்டோஸில் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கிரிட்டா அமைப்பில் டேப்லெட் பகுதிக்குப் போய், பேனாவின் அழுத்தத்தைக் கிரிட்டாவுக்குச் சொல்லும் வின்டேப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டு வழிகளில் இப்போது எது இருக்கிறதோ அதை மற்றதாக மாற்றி, மூடித் திறங்கள். லினக்ஸில் சில டேப்லெட்டுகள் அடம்பிடிக்கும். அப்போது ஓப்பன்டேப்லெட்டிரைவர் என்ற கட்டற்ற டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். கிரிட்டாவில் கலரைஸ் மாஸ்க் என்று ஒன்று உண்டு. கோட்டு லேயரின் (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) மேல் அதைப் போட்டு, முகத்தில் ஒரு தோல் நிறக் கீற்று, சட்டையில் ஒரு சிவப்புக் கீற்று, பின்னணியில் ஒரு கீற்று இழுத்துவிட்டு அப்டேட் கொடுத்தால், கோடுகளை வேலியாக எடுத்துக்கொண்டு தானே நிரப்பிவிடும். கோட்டில் சின்ன இடைவெளி இருந்தாலும் சமாளிக்கும். பக்கம் பக்கமாகக் காமிக்ஸ் போடுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

4 ஜிபி ரேம் லேப்டாப்பில் கிரிட்டா ஓடுமா?

ஓடும். கணக்கைப் பாருங்கள். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 × 3508 பிக்சல். 8 பிட் நிறத்தில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். முழுக்க நிரம்பிய ஒரு லேயருக்கு ஏறக்குறைய 35 எம்பி வரும். 20 லேயர் என்றால் 700 எம்பி. அதனால் இதைப்போல இரண்டு மடங்கு இடம் பிடிக்கும் 16 பிட் பக்கம் போகாதீர்கள், முடிந்த லேயர்களை ஒன்றாக இணைத்துவிடுங்கள், பிரவுசரை மூடிவிட்டு வரையுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்: தம்பி, எனக்குக் காகிதமும் மையும்தான் பழக்கம். வண்ணம் மட்டும் கணினியில் போட வழி உண்டா?

உண்டு ஐயா. காகிதத்தை விடவே வேண்டாம். படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து கிரிட்டாவில் திறங்கள். லெவல்ஸ் என்ற வெளிச்சத் திருத்தத்தில் காகிதத்தின் மங்கலை வெள்ளையாக்கி, மையைக் கறுப்பாக்குங்கள். அப்புறம் அந்த லேயரின் முறையை மல்டிப்ளை என்று மாற்றிவிட்டுக் கீழே புது லேயரில் வண்ணம் போடுங்கள். வெள்ளை மறைந்து கோடு மட்டும் மேலே நிற்கும்.

இன்க்ஸ்கேப்பின் டிரேஸ் பிட்மேப்பில் கொடுத்து வெக்டார் ஆக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அழுத்தமான கோடு என்றால் சரி. உங்களுடையது மாதிரி நுணுக்கமான பேனா வேலைக்கு அது வேண்டாம், கோட்டின் குணம் போய்விடும்.

பேச்சுக் குமிழிக்குள் தமிழ் எழுத்தை எதில் போடுவது?

இன்க்ஸ்கேப்பில். கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துருவாக மட்டும் எடுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டினால், வேறு கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கார்ட்டூனுக்குப் பலூ தம்பி, காயினி, கவிவனார் மூன்றும் பொருத்தம், மூன்றும் கட்டற்ற உரிமம்தான். பலூ தம்பி குண்டாக இருக்கும், சத்தம் போடும் வசனத்துக்கு நன்றாக உட்காரும். கவிவனார் கையெழுத்து மாதிரி.

ஒரு முக்கியமான விஷயம்: குமிழியை முதலில் வரையாதீர்கள். "போய்க்கொண்டிருக்கிறேன்" ஒரே சொல், அதை வெட்டவும் முடியாது. முதலில் வசனத்தை அடித்து வரி பிரியுங்கள், பிறகு அதைச் சுற்றிக் குமிழி போடுங்கள். மேல் விசிறியும் கீழ்க் கொக்கியும் இடிக்காமல் இருக்க வரி இடைவெளியை 1.4 அளவுக்கு வையுங்கள். அச்சுக்கு அனுப்பும்போது எழுத்தைப் பாதையாக மாற்றிய பிரதியை அனுப்பிவிட்டு, மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது.

அச்சகத்தில் சிஎம்ஒய்கே கேட்கிறார்கள்.

சிஎம்ஒய்கே என்பது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் கணக்கு. கிரிட்டாவில் கோப்பை ஆரம்பத்திலேயே சிஎம்ஒய்கேவில் தொடங்கலாம். அச்சகத்திடம் அவர்களுடைய ஐசிசி புரொஃபைலை (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்குங்கள். இன்க்ஸ்கேப் எஸ்விஜி என்ற வெக்டார் கோப்பு வகையை அடிப்படையாகக் கொண்டது, அதனால் அங்கே திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கணக்கான ஆர்ஜிபிதான் பழக்கம். பக்கத்தை ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கட்டி அங்கிருந்து பிடிஎஃப் எடுங்கள். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் தாளில் மங்கும், அதற்கு எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. கறுப்புக் கோடு மட்டும் தனிக் கறுப்பு மையில் இருக்கட்டும். நான்கு மையிலும் கலந்தால், தாள் இம்மி நகர்ந்தாலும் கோட்டோரம் வண்ண நிழல் விழும்.

இலவச மென்பொருளில் வரைந்ததை விற்கலாமா?

தாராளமாக. இவற்றுக்கு இருக்கும் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம் மென்பொருளுக்குத்தான், உங்கள் படத்துக்கு அல்ல. கிரிட்டா ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலைக்கு இருக்கிறதே என்று கேட்டவருக்கும் இதுவே பதில்: அதே மென்பொருள்தான், அவர்கள் தளத்தில் இலவசம். காசு கொடுத்தால் அது அதை உருவாக்குபவர்களுக்கு உதவி.

போனில்?

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கிரிட்டா உண்டு, சோதனைப் பதிப்பாக. ஐபேடுக்கு இல்லை. சின்னத் திரையில் மல்லுக்கட்ட வேண்டாம்.

என் பாத்திரம் நடக்க வேண்டும், கை ஆட்ட வேண்டும். அதற்கு?

சில நொடி அசைவு என்றால் கிரிட்டாவிலேயே போதும், 3.0 பதிப்பிலிருந்தே அனிமேஷன் வசதி இருக்கிறது. வெறும் பென்சில் சோதனைக்குப் பென்சில்2டி எளிது. வெட்டிய உறுப்புகளை எலும்பு போட்டு அசைக்க சின்ஃபிக். முறையாகக் குறும்படம் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஓப்பன்டூன்ஸ். ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள்தான் 2016இல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. பழகக் கொஞ்சம் கடினம், முதல் வாரம் திட்டுவீர்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கிரீஸ் பென்சில் என்ற வரையும் கருவியும் உண்டு, முப்பரிமாணம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு.

ஆனால் முதலில் அந்தப் பாத்திரத்தைத் தலை, உடல், கை, கால் என்று தனித்தனி லேயரில் வரைந்துவிட்டு வாருங்கள். ஒரே லேயரில் வரைந்த படத்தை அசைக்கச் சொல்லித்தான் பாதிப் பேர் கேட்கிறீர்கள்.