பாசிமணி வேலையை வைத்துக் கனடாவின் பழங்குடி வரலாற்றை ஆராய முடியுமா? பழங்குடியினரோடு சேர்ந்து செய்வதாகப் பல்கலைக்கழகங்கள் சொல்லும் 'கூட்டு ஆய்வு' நிஜமாகவே நடக்கிறதா?

முடியும். ஆனால் கையில் ஊசி பிடித்த பிறகுதான் நானே நம்பினேன்.

டொராண்டோவில் இருக்கிறேன். போன குளிர்காலத்தில் அனிஷினாபே பழங்குடியைச் சேர்ந்த அம்மா ஒருவர் நடத்திய பாசித் தையல் வகுப்புக்குப் போனேன். இரண்டு ஊசி வேண்டும். ஒன்றில் பாசியைக் கோர்த்து, வரைந்த கோட்டின்மேல் கிடத்த வேண்டும்; இன்னொன்றால் இரண்டு பாசிக்கு ஒரு தையல் போட்டு நூலைத் துணியோடு பிடிக்க வேண்டும். பாசி ஒவ்வொன்றும் கடுகளவு. இரண்டு மணி நேரத்தில் ஒரு பூவிதழ்கூட எனக்கு முடியவில்லை.

நாடியா மையர் செய்த வேலையின் கனம் அப்போதுதான் உறைத்தது. அவர் அல்கோன்கின் பழங்குடியைச் சேர்ந்த கலைஞர். கனடாவில் யார் பழங்குடி, யார் இல்லை என்பதை அரசே முடிவு செய்ய வழிவகுத்தது 1876இல் வந்த 'இந்தியன் சட்டம்'. வெளியாளைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு அந்த அந்தஸ்து போய்விடும், 1985 வரை. அந்தச் சட்டத்தின் 56 பக்கங்களை எடுத்துக்கொண்டு, எழுத்து இருந்த இடத்தில் வெள்ளைப் பாசி, மீதி இடத்தில் சிவப்புப் பாசி என்று மூடினார். 230 பேருக்கு மேல் கூடித் தைத்தார்கள். சில பக்கங்கள் பாதியில் நிற்கின்றன. மூடாத இடத்தில் சட்ட வாசகம் அப்படியே தெரிகிறது. முழுசாக முடிந்தவற்றைவிட எனக்கு அவைதான் பிடிக்கும். யாரோ ஒருவர் கை எங்கே ஓய்ந்தது என்று பார்க்கலாம்.

இதைப் பல்கலைக்கழகம் ஆய்வு என்று ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, நான் ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கூட்டு ஆய்வுக்கு வருகிறேன். 1841இல் கைமாறிய பிளாக்ஃபுட் பழங்குடியினரின் ஐந்து தோல் சட்டைகள் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. பாசிக்கு மூத்த கலையான முள்ளம்பன்றி முள் வேலைப்பாடு கொண்டவை. 2010இல் அவற்றைக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டியதோடு நிற்கவில்லை. அந்தச் சமூகத்தின் பெரியவர்களும் மாணவர்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். முள்ளை எப்படி மடித்துத் தைத்தார்கள் என்பதெல்லாம் புகைப்படத்தில் பிடிபடாது, தைக்கிறவர் திருப்பிப் பார்க்க வேண்டும். சட்டைகளைப் பற்றி அருங்காட்சியகப் பதிவேட்டில் இல்லாததைச் சொல்ல அவர்களால்தான் முடியும்.

அதனால் இப்படி ஒரு திட்டம் காதில் விழுந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: பொருள் கடைசியில் யாரிடம் இருக்கும்? அந்த ஐந்து சட்டைகளும் ஆக்ஸ்ஃபோர்டுக்கே திரும்பிப் போயின.