மீன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: தண்ணீரின் நிலை மாறும்போது மீனின் எதிர்ப்பொருள் அளவும் மாறுகிறது, அந்த மாற்றத்தை எப்படிப் படிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மீனுக்கும் நம்மைப் போலவே எதிர்ப்பொருள் உண்டா, மேடம்?

உண்டு. எதிர்ப்பொருள் என்பது கிருமியைப் பிடித்துக்கொள்ளும் இரத்தப் புரதம் (ஆன்டிபாடி). ஆனால் நம்மிடம் உள்ள ஐஜிஜி வகை மீனில் கிடையாது. எலும்பு மீன்களின் இரத்தத்தில் முதன்மையானது ஐஜிஎம். நம் ஐஜிஎம் ஐந்து அலகுகள் சேர்ந்தது, மீனுடையது பெரும்பாலும் நான்கு. 2005இல் வானவில் டிரவுட்டிலும் ஸீப்ரா மீனிலும் இன்னொரு வகையைக் கண்டுபிடித்தார்கள். அதன் முக்கிய வேலை குடல், செவுள் போன்ற சளிப்படலங்களில். எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களைத் தலைச் சிறுநீரகத்திலும் (சிறுநீரகத்தின் முன்பகுதி) மண்ணீரலிலும் தேட வேண்டும், எலும்பு மஜ்ஜையில் அல்ல.

கெண்டை மீன்களை 14, 26 டிகிரி செல்சியஸ் என இரண்டு தொகுதியாகப் பிரித்து ஒரே நாளில் தடுப்பூசி போட்டோம். 21ஆம் நாள் குளிர்த் தொகுதியில் எதிர்ப்பொருள் ஏறக்குறைய இல்லை. குளிர் எதிர்ப்புச் சக்தியை அழித்துவிட்டது என்று எழுதலாமா?

இப்போதைக்கு எழுதாதீர்கள். நானும் தொடக்கத்தில் இதையே செய்தேன். மூன்றாவது வாரம் ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்து, குளிர்த் தொட்டி மீன்களை 'பதிலளிக்காதவை' என்று குறித்துவைத்தேன். தொட்டியைக் கலைக்காமல் விட்டிருந்ததால், பல வாரங்கள் கழித்து மறுபடி எடுக்க முடிந்தது. அப்போது அதே மீன்களில் டைட்டர், அதாவது எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் எண், ஏறியிருந்தது. அன்றிலிருந்து ஒற்றை நாள் அளவை நான் நம்புவதில்லை.

மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பம்தான். அதனால் மீன் வளர்ப்பில் டிகிரி நாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பநிலையை நாட்களால் பெருக்குவது. உங்கள் குளிர்த் தொகுதிக்கு 14 × 21 = 294. சூட்டுத் தொகுதிக்கு 26 × 21 = 546. குளிர்த் தொகுதி அந்த 546ஐத் தொட 39 நாள் ஆகும். நீங்கள் ஒப்பிட்டது பாதி வழியில் இருப்பவனை, ஊர் போய்ச் சேர்ந்தவனோடு. குறைந்தது ஐந்தாறு முறை, இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்து, வளைகோடாகப் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாம் வெறும் தாமதம் அல்ல. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கீழ் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே போனால் முதல் முறை பார்க்கும் ஆன்டிஜெனுக்கு (எதிர்ப்பைத் தூண்டும் அந்நியப் பொருள்) வரும் பதில் நிஜமாகவே அடங்கிவிடும். எதிர்ப்பைத் தொடங்கிவைக்கும் உதவி டி செல்கள்தான் குளிருக்கு முதலில் அடிபடுகின்றன. எதிர்ப்பொருளைத் தரும் பி செல்களும், முன்பு பார்த்ததை நினைவில் வைக்கும் நினைவு செல்களும் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. அதனால் வெதுவெதுப்பான நீரில் தடுப்பூசி போட்டு, பிறகு குளிர் நீருக்கு மாற்றிய மீன், இரண்டாம் முறை நன்றாகவே பதில் தரக்கூடும். முடிந்தால் இந்த மூன்றாவது தொகுதியையும் சேருங்கள். தாமதமா, தடையா என்பதை அதுதான் பிரித்துக்காட்டும்.

சீரம் அடிக்கடி சிவப்பாக வருகிறது. எங்கே தவறு?

சீரம், அதாவது இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர், சிவந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. முதலில் மீனை மயக்க மருந்தில் நன்றாகத் தளரவிடுங்கள். துள்ளும் மீனில் ஊசி குத்தினால் எதுவும் சரியாக வராது. குதத் துடுப்புக்குப் பின்னால், அடிப்பக்க நடுக்கோட்டில், சளியைத் துடைத்துவிட்டு ஊசியை முதுகெலும்பை நோக்கிச் செலுத்துங்கள். எலும்பு தட்டும். அங்கே ஒரு மயிரிழை பின்வாங்கி, சிரிஞ்சை மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தாலே அணுக்கள் உடையும். முக்கியமாக, குழாயில் விடும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோரமாக வழியவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. உறைந்த பிறகு 4 டிகிரியில் வைத்து, கட்டி சுருங்கியதும் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள். சிறுசிறு பங்காகப் பிரித்து உறையவையுங்கள். உருக்கி மறுபடி உறையவைப்பது எதிர்ப்பொருளைக் கெடுக்கும். மீன் உயிரோடு தொட்டிக்குத் திரும்ப வேண்டுமானால் உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இரத்தம் எடுக்காதீர்கள்.

காம்ப்ளிமென்டைச் செயலிழக்கச் செய்ய 56 டிகிரியில் வைக்கலாமா?

வேண்டாம். காம்ப்ளிமென்ட் என்பது சீரத்தில் கிருமியைத் தாக்கும் புரதத் தொகுதி. 56 டிகிரி பாலூட்டிகளின் சீரத்துக்கான கணக்கு. மீன் சீரத்துக்கு 44, 45 டிகிரியில் அரை மணி நேரம் போதும்.

எலைசா செய்வதா, திரட்சிச் சோதனை செய்வதா, அக்கா? எங்களிடம் டிரவுட்டுக்கான எலைசா கிட் இருக்கிறது, மீனோ திலேப்பியா.

அந்தக் கிட்டை நம்பாதீர்கள். எலைசா, மீனின் ஐஜிஎம்மை இன்னோர் எதிர்ப்பொருளால் பிடித்து, நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை. ஒரு மீனின் ஐஜிஎம்மைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் இன்னொரு மீனின் ஐஜிஎம்மைப் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிடித்தாலும் அரைகுறையாகப் பிடித்து, நம்பும்படியான ஓர் எண்ணைத் தந்துவிடும். அதுதான் ஆபத்து.

திரட்சிச் சோதனைக்கு இனத்துக்கென்று தனி ரசாயனம் எதுவும் தேவையில்லை. 'யு' வடிவக் குழித்தட்டில் சீரத்தை இரட்டை இரட்டையாக நீர்த்து, கொன்ற பாக்டீரியாவைச் சேர்த்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் எதிர்ப்பொருள் உள்ள குழியில் பாக்டீரியா மெல்லிய விரிப்பாகப் பரவியிருக்கும். இல்லாத குழியில் அடியில் ஒரு பொட்டுப்போல் குவிந்திருக்கும். விரிப்பு தெரியும் கடைசிக் குழியில் சீரம் எத்தனை மடங்கு நீர்த்திருக்கிறதோ, அதுதான் டைட்டர். சராசரி எடுக்கும்போது மட்டும் கவனம்: 16, 256 என்ற இரண்டு டைட்டரின் நேர்ச் சராசரி 136. இரண்டின் அடுக்காக மாற்றிப் பார்த்தால் 4, 8. சராசரி 6, அதாவது 64. இரண்டாவதுதான் சரி.

தடுப்பூசி போடாத மீனின் சீரத்தையும் அதே தட்டில் வையுங்கள். மீனில் இயற்கை எதிர்ப்பொருள்கள் உண்டு. சுழியத்திலிருந்து தொடங்குவதாக நினைக்கக் கூடாது.

நன்னீர் மீனை உப்பு நீருக்கு மாற்றியதும், ஒரு மில்லி லிட்டருக்கான மொத்த ஐஜிஎம் உயர்ந்தது. உப்பு எதிர்ப்பைத் தூண்டுகிறதா?

தூண்டலாம், ஆனால் அதற்கு முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள். உப்பு நீரில் மீன் உடலிலிருந்து நீரை இழக்கிறது, இரத்தம் கெட்டியாகிறது. புதிதாக ஒரு மூலக்கூறுகூட உருவாகாமலே எண் ஏறிவிடும். ஒவ்வொரு மாதிரியிலும் சீரத்தின் மொத்தப் புரதத்தை அளந்து, ஐஜிஎம்மை அதன் விகிதமாகவும் எழுதுங்கள். புரதமும் ஐஜிஎம்மும் ஒரே அளவில் ஏறியிருந்தால் அது நீரிழப்பு.

வெப்பநிலைக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு 30 மீன். மாதிரி எண்ணிக்கை 30 என்று போடலாமா?

கூடாது. வெப்பநிலையைத் தொட்டிக்குத்தான் கொடுத்தீர்கள், மீனுக்கு அல்ல. உங்கள் எண்ணிக்கை 1. பத்துப் பத்து மீனாக மூன்று தொட்டியில் பிரியுங்கள்.

வலை போட்டுப் பிடிக்கும்போது வரும் அழுத்தம் எதிர்ப்பொருள் அளவைக் குறைத்துவிடாதா?

அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் சில நிமிடங்களில் ஏறும். ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் ஐஜிஎம் அவ்வளவு வேகத்தில் மறையாது. கவலைப்பட வேண்டியது வாரக்கணக்கில் நீடிக்கும் அழுத்தம்: நெரிசல், அம்மோனியா, ஆக்சிஜன் குறைவு. அது தொடர்ந்தால் புதிய எதிர்ப்பொருள் உருவாவதே மந்தமாகும். வெப்பநிலைச் சோதனையில் சூடான தொட்டியில் ஆக்சிஜன் தானாகவே குறையும் என்பதை மறக்காதீர்கள். காற்றோட்டம் கொடுத்துச் சமப்படுத்தாவிட்டால், நீங்கள் அளப்பது வெப்பத்தையா மூச்சுத்திணறலையா என்று சொல்ல முடியாது.

டைட்டர் அதிகமாக இருந்தால் மீன் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்லலாமா?

அப்படியே சொல்ல முடியாது. செல்லுக்குள் ஒளியும் கிருமிக்கு எதிராக டைட்டர் உயர்ந்தும் மீன் சாகலாம். டைட்டர் குறைவாக இருந்தும் செல்வழி எதிர்ப்பால் பிழைக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், உரிய நெறிமுறை அனுமதி பெற்று, தடுப்பூசி போட்ட மீனின் சீரத்தை அதே இனத்தின் வேறு மீன்களுக்குச் செலுத்தி, கிருமியோடு சோதியுங்கள். சாதாரண மீனின் சீரம் பெற்ற தொகுதி ஒன்றும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பிழைப்பில் தெளிவான வேறுபாடு இருந்தால், காப்பது சீரத்தில் உள்ள பொருள்தான்.