இயங்குதளத்தை மேம்படுத்தியதும் சேமித்த கடவுச்சொற்கள் காணவில்லை. திரும்பக் கிடைக்குமா?

நீங்கள் கேட்டது: விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறினேன். படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கின்றன. பிரவுசரில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்கள் மட்டும் ஒன்றுகூட இல்லை. மீட்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. ஆனால் பிரவுசர் இப்போது திறந்திருந்தால் முதலில் அதை மூடுங்கள். அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் இன்றைக்குக் காதில் வாங்காதீர்கள். பிரவுசரின் தரவுக் கோப்புறையை முழுதாக ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். க்ரோம் என்றால் உங்கள் பயனர் கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா', அதற்குள் 'லோக்கல்', அதற்குள் 'கூகுள்', 'க்ரோம்', 'யூசர் டேட்டா'. 'ஆப்டேட்டா' மறைந்திருக்கும் கோப்புறை. மறைந்தவற்றைக் காட்டும்படி அமைப்பை மாற்றினால்தான் கண்ணில் படும்.

நகலெடுக்க ஏன் இத்தனை அவசரப்படுத்துகிறேன் என்றால், அந்தக் கடவுச்சொற்கள் அழிந்திருக்க வாய்ப்பு குறைவு. திறக்க முடியாமல் கிடக்கத்தான் வாய்ப்பு அதிகம். க்ரோம் அவற்றை 'லாகின் டேட்டா' என்ற கோப்பில் வைக்கிறது. அதில் தளத்தின் முகவரியும் பயனர் பெயரும் வெறுமனே இருக்கும், கடவுச்சொல் மட்டும் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் சாவி 'லோக்கல் ஸ்டேட்' என்ற வேறொரு கோப்பில் இருக்கிறது. அந்தச் சாவியும் சும்மா கிடப்பதில்லை. விண்டோஸ் அதன்மேல் தன் பூட்டு ஒன்றைப் போட்டுவைக்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கும் டிபிஏபிஐ என்ற ஏற்பாடு அது. அதைத் திறப்பது நீங்கள் கணினிக்குள் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பட்டியல் காலியாகத் தெரியும். அந்த நேரத்தில் பிரவுசரைத் திறந்தால், பழைய சாவி வேலை செய்யவில்லை என்று கண்டு, புதிதாக ஒன்றை உருவாக்கி அதே இடத்தில் எழுதிவிடக்கூடும். அப்புறம் பழைய பூட்டுக்குச் சாவியே இருக்காது. நகல் அதற்காகத்தான்.

சிக்கலான காரணத்துக்குப் போகுமுன் எளிய இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, நீங்கள் உங்கள் கணக்கில்தான் இருக்கிறீர்களா? மேம்படுத்தியபின் விண்டோஸ் சில சமயம் தற்காலிகப் புரொஃபைலில், அதாவது உங்கள் கோப்புகள் இல்லாத வெற்றுப் பயனர் இடத்தில், நுழைத்துவிடும். பயனர் கோப்புறையின் பெயர் 'டெம்ப்' என்று இருந்தால் அதுதான் விஷயம். ஆனால் உங்கள் படங்கள் இருக்கின்றன என்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு இது பொருந்தாது என்றே நினைக்கிறேன். இரண்டாவது, பிரவுசரில் கணக்குடன் ஒத்திசைவு வைத்திருந்தீர்களா? வைத்திருந்தால் கைப்பேசியிலோ வேறு கணினியிலோ அதே கணக்கில் நுழைந்து பாருங்கள். கடவுச்சொற்கள் அங்கே இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இங்கே மறுபடி உள்நுழைந்தால் வந்து சேர்ந்துவிடும்.

இரண்டும் இல்லை என்றால் ஒரே ஒரு கேள்வி மிச்சம். மேம்படுத்திய பிறகு விண்டோஸ் கடவுச்சொல்லில் கை வைத்தீர்களா? வைத்திருந்தால், அதை 'மாற்றினீர்களா', 'ரீசெட்' செய்தீர்களா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் மடிக்கணினியை மேம்படுத்தியபோது நடந்தது இது. மறுதொடக்கம் ஆனதும் வழக்கமான பின் எண்ணை ஏற்க மறுத்தது, கடவுச்சொல்லைக் கேட்டது. இரண்டு வருடமாக நான்கு இலக்கப் பின்னையே தட்டிப் பழகியவனுக்குக் கடவுச்சொல் எப்படி நினைவிருக்கும்? கணினியில் இன்னொரு நிர்வாகி கணக்கு இருந்தது. அதன் வழியாக உள்ளே போய் என் கணக்குக்குப் புதிய கடவுச்சொல் வைத்தேன். அப்போது ஓர் எச்சரிக்கை வந்தது: இப்படிச் செய்தால் அந்தப் பயனர் தன் மறையாக்கக் கோப்புகளையும், சான்றிதழ்களையும், இணையதளங்களுக்குச் சேமித்த கடவுச்சொற்களையும் இழப்பார் என்று. அத்தனை தெளிவாக எழுதியிருந்ததைப் படிக்காமலே சரி என்று அழுத்தினேன். பத்து நிமிடம் கழித்துப் பிரவுசரைத் திறந்தால் பட்டியல் வெறிச்சோடிக் கிடந்தது. கணினியைத் திட்டினேன், இயங்குதளத்தைத் திட்டினேன். திட்டவேண்டிய ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பழைய கடவுச்சொல்லைத் தந்து நீங்களே புதியதற்கு மாற்றும்போது, விண்டோஸ் தன் உள்சாவிகளை (மேலே சொன்ன டிபிஏபிஐ பூட்டின் சாவிகள்) பழையதால் திறந்து புதியதால் மறுபடி பூட்டிக்கொள்கிறது. எதுவும் தொலைவதில்லை. வேறொரு கணக்கிலிருந்து ரீசெட் செய்யும்போது பழையது விண்டோஸுக்குத் தெரியாது. உள்சாவிகள் பழைய பூட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. அலுவலகக் கணினி டொமைனில் (கணக்குகளை அலுவலக சர்வரே நிர்வகிக்கும் வலையமைப்பில்) இருந்தால் சர்வரில் மாற்றுச் சாவி ஒன்று இருக்கும், நிர்வாகத்தினரைக் கேட்கலாம். வீட்டுக் கணினியின் உள்ளூர்க் கணக்குக்கு அந்த வசதி கிடையாது.

ஆனால் பழைய கடவுச்சொல் நினைவுக்கு வந்தால் போதும். எனக்கு மறுநாள் ஒரு பழைய குறிப்பேட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதியது அகப்பட்டது. புதியதிலிருந்து அந்தப் பழைய கடவுச்சொல்லுக்கே மாற்றினேன். வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். அத்துடன் வேலை முடியவில்லை, ஏனென்றால் நான் முந்தைய நாளே பிரவுசரைத் திறந்து சாவிக் கோப்பைக் கெடுத்திருந்தேன். நல்லவேளையாக, மேம்படுத்துவதற்கு முன் பயனர் கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்து வைத்திருந்தேன். பிரவுசரை மூடிவிட்டு, அந்த நகலிலிருந்த 'யூசர் டேட்டா' கோப்புறையைத் திரும்ப வைத்தேன். திறந்ததும் அத்தனையும் புள்ளி புள்ளியாக வரிசையில் வந்து நின்றன. அந்தப் புள்ளிகளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆக, உங்கள் விஷயத்திலும் பழைய விண்டோஸ் கடவுச்சொல், பழைய 'லோக்கல் ஸ்டேட்' என்ற இரண்டும் வேண்டும். கணினி நிறுவலின்போது 'எதையும் வைத்துக்கொள்ளாதே' என்று தேர்ந்திருந்தால் பழைய கோப்புகள் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' கோப்புறைக்குள் பத்து நாள் வரை இருக்கும். அதன்பின் விண்டோஸே துடைத்துவிடும், எனவே அதையும் இன்றே நகலெடுங்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அப்படிப் புதிதாக நிறுவியிருந்தால் க்ரோம் கோப்புகளை மட்டும் கொண்டுவந்து வைத்துப் பயனில்லை. விண்டோஸின் உள்சாவிகளும் வேண்டும், அது கைதேர்ந்தவர் செய்யும் வேலை.

ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துகிறவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது தன் சாவியைத் தானே வைத்துக்கொள்கிறது, இயங்குதளத்தின் தயவை நாடுவதில்லை. 'லாகின்ஸ்.ஜேசன்', 'கீ4.டிபி' ஆகிய இரண்டு கோப்புகளையும் பழைய புரொஃபைலிலிருந்து (ஃபயர்பாக்ஸ் உங்கள் தரவை வைக்கும் கோப்புறை) ஜோடியாக எடுத்துப் புதிய புரொஃபைலில் வைத்தால் போதும். ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றது குப்பை. முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தால் அது மட்டும் நினைவிருக்க வேண்டும். பல நேரம் இந்த அளவுக்குக்கூடப் போகவேண்டியதில்லை. மறுபடி நிறுவும்போது அது புதிய புரொஃபைல் ஒன்றைத் தொடங்கியிருக்கும், பழையது பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும். முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, 'புரொஃபைல்ஸ்' என்று சேர்த்தால் எல்லாம் பட்டியலாக வரும். பழையதை இயல்பானதாக ஆக்கிவிடலாம்.

மேக் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். அங்கே 'கீசெயின்' என்ற பெட்டகம். அதன் கடவுச்சொல்லும் கணக்கின் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கும்வரை அப்படியொன்று இருப்பதே தெரியாது. கணக்கை ரீசெட் செய்தால் பெட்டகம் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கடவுச்சொல் கேட்டு உயிரை வாங்கும். எரிச்சலில் பலர் புதிய கீசெயின் உருவாக்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். தொல்லை நிற்கும், உள்ளே இருந்தவையும் கண்ணிலிருந்து போய்விடும். பழைய பெட்டகம் பொதுவாகப் பெயர் மாற்றப்பட்டு 'லைப்ரரி' கோப்புறையின் 'கீசெயின்ஸ்' பகுதியில் இருக்கும். பழைய கடவுச்சொல் தெரிந்தால் திறக்கும். மேக்கில் க்ரோம் தன் சாவியை இந்தப் பெட்டகத்தில்தான் வைக்கிறது என்பதால் அதுவும் சேர்ந்து பாதிக்கப்படும். லினக்ஸிலும் கதை ஏறக்குறைய இதுதான். அங்கே தானியங்கி உள்நுழைவை இயக்கியிருந்தால் கடவுச்சொல் எதுவும் தட்டப்படாததால் கீரிங் என்ற கடவுச்சொல் பெட்டகம் பூட்டியே கிடக்கும். ஒரு முறை தட்டினால் திறந்துகொள்ளும்.

எல்லாமே நம் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. விண்டோஸ் 10-இன் 2004 என்ற பதிப்பில் (அது வருடம் அல்ல, 2020-இன் நான்காம் மாதம் என்று பொருள்) சேமித்த கடவுச்சொற்களைச் செயலிகள் மறந்துபோகும் குறை ஒன்று இருந்தது. சில திட்டமிட்ட பணிகள் பின்னணியில் ஓடியதால் வந்த வினை. மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு 2021 தொடக்கத்தில் திருத்தம் வெளியிட்டது. அதன் அடையாளம், ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் மறுபடி மறுபடி மறப்பது. உங்களுக்கு ஒரே முறை போய்விட்டது என்றால் காரணம் அது அல்ல.

பணம் கட்டினால் மீட்டுத் தருவோம் என்று சொல்லும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். நம் எல்லாக் கடவுச்சொற்களையும் வாசிக்கும் அனுமதியை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுப்பதற்குச் சமம் அது. திரும்பக் கிடைத்ததும் பிரவுசரின் ஏற்றுமதி வசதியால் சிஎஸ்வி கோப்பாக எடுத்து, ஒரு கடவுச்சொல் மேலாளரில் ஏற்றிவிடுங்கள். அந்தக் கோப்பு பூட்டே இல்லாத வெறும் எழுத்து, யார் திறந்தாலும் படிக்கலாம். ஏற்றிய கையோடு அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.

விண்டோஸ் கடவுச்சொல்லை ரீசெட் செய்தீர்களா, எந்த பிரவுசர், நிறுவி எத்தனை நாளாகிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். பத்து நாள் தாண்டவில்லை என்றால் அதைக் கடைசியாக எழுதாதீர்கள், முதலில் எழுதுங்கள்.